பூக்கூடை ஏந்தப்போகும் பிள்ளையின் வீட்டாருக்கு

அன்புள்ள அம்மாமாரே, அப்பாமாரே, ஆச்சி தாத்தாமாரே, இந்தக் கோடையில் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுப் பெரியவர்களே,



இப்போது லெந்து காலம். ஈஸ்டர் முடிந்த கையோடு நம் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் சீமைக் கோயில்களில் ஞாயிறுதோறும் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் வெளியூரில் இருப்பவர்களெல்லாம் ஊர் வந்து சேருவார்கள். மே மாதம் முழுக்கக் கல்யாணம்தான். மண்டபம், பட்டு, பந்தி, பேண்டு செட் என்று ஏற்பாடுகள் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் சொல்லுவார்: "நம்ம பாப்பாவ ஃப்ளவர் கேர்ளா விட்டுருவோம்." எல்லாருக்கும் சந்தோஷம். அதற்குப் பிறகு கவுனுக்கு அளவெடுக்கிற அன்றைக்குத்தான் பாப்பாவின் ஞாபகம் மறுபடி வரும்.

அந்தப் பாப்பாவுக்காகத்தான் இந்த மடல். நான் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை நடத்துகிறவள். பாடகர் குழுவிலும் நெடுங்காலமாக நிற்கிறேன். எங்கள் கோயிலில் பாடகர் குழு நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், வாசலில் இருந்து நடந்து வருகிற பிள்ளையின் முகம் நேருக்கு நேர் தெரியும். வெளியே காரிலிருந்து இறங்கும்போது துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை, கதவு திறந்து ஜனமெல்லாம் எழுந்து நின்றதும் முகம் வெளுத்து, கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிடும். "பிடிவாதக்காரி", "வீட்டுல நல்லாத்தான் இருந்தா" என்று பெஞ்சுகளில் பேச்சு எழும். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. நடக்கப்போவது இன்னதென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றின் முன்னால் போய் நின்றால் பெரியவர்களே திகைத்துப்போகிறோம்.

அவள் கண்மட்டத்துக்கு ஒருமுறை குனிந்து பாருங்கள். மூன்று வயதுப் பெண்பிள்ளையின் சராசரி உயரம் ஏறக்குறைய 95 செ.மீ. நான்கு வயதில் 103 செ.மீ.க்குப் பக்கம். அந்த உயரத்தில் நின்றால் இரண்டு பக்கமும் தெரிவது சேலைக் கொசுவமும் பேண்ட் பையும்தான். அதற்கு மேலே வரிசையாக நீட்டிய கைகளில் செல்போன்கள். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில், மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயம் மாதிரி பழைய பெரிய கோயில்களில் கூரை எங்கேயோ இருக்கும்; நடுப்பாதையின் அந்த முனையில் நிற்கிற ஆள் யாரென்றே அவளுக்கு அடையாளம் தெரியாது. தெரிந்த முகங்களும் அன்றைக்கு மாறிப்போயிருக்கும். கோட்டு போட்ட சித்தப்பா, பார்லரில் கொண்டை போட்டு வந்த அம்மா, வலைத்துணிக்குப் பின்னால் முகம் மங்கிய அத்தை. அவளுக்குப் பழகின உலகத்தில் பாதி அன்று காலையில் காணாமல் போய்விடுகிறது. அதனால் ஃப்ளவர் கேர்ளாகத் தயாராக்குவது என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: கல்யாணத்தன்று அவள் புதிதாகச் சந்திக்க வேண்டியவை எத்தனை உண்டோ, அவற்றில் முடிந்த மட்டும் எல்லாவற்றையும் அதற்கு முந்தியே அவளுக்குப் பழக்கமாக்கிவிடுவது. நடையழகு, சிரிப்பு, பூவைத் தூவுகிற விதம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் அவளிடம் கேளுங்கள். "ஃப்ளவர் கேர்ளா போறியா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சரி என்றுதான் தலையாட்டும், அந்த வார்த்தைக்கு அவளிடம் பொருளே இல்லை. உங்கள் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். அதில் கூடையோடு வருகிற பிள்ளையைக் காட்டி, "இந்த அக்கா என்ன செய்றா பாரு, கதவுல இருந்து நடந்து வாறா, பூ போடுறா, அப்புறம் ஆச்சிகிட்ட போய் உக்காந்துக்கிறா. நீ இத சித்தி கல்யாணத்துல செய்றியா?" என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். இரண்டாம் தடவையும் அவள் வேண்டாம் என்றால் அதை மதித்துவிடுங்கள். வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பாட்டு அச்சிட்ட தாளை நீட்டுகிற வேலை இருக்கிறது. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டே செய்யலாம். கல்யாண வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்க வேலைக்கா பஞ்சம்?

எல்லாப் பிள்ளைகளும் ஒரே சுபாவம் இல்லை. நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-இல் ஓர் ஆய்வைத் தொடங்கி, கைக்குழந்தைகளை வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் பார்த்த பிள்ளைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் புதிய இடத்தையும் புதிய ஆட்களையும் கண்டால் முதலில் ஒதுங்கி நின்று, நேரம் கொடுத்தால் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கிறவர்களாக இருந்தார்கள். உங்கள் பிள்ளையும் அப்படி இருக்கலாம். பிறந்தநாள் விழாக்களில் முதல் அரைமணி நேரம் உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் 'வீட்டுக்கு வர மாட்டேன்' என்று அழுகிறவளா? அப்படியானால் அவள் நன்றாகவே நடந்து வருவாள், நேரம் மட்டும் கூடுதலாக வேண்டும். அவளை 'கூச்சக்காரி' என்று நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். அடிக்கடி கேட்டால் அவளும் நம்பிவிடுவாள்.

வயதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயது நிரம்பாத பிள்ளையைத் தனியே நடக்கவிடும் எண்ணத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. நாலிலிருந்து ஏழு வரைக்கும் உள்ளவர்கள் விளையாட்டைப் போல இதை எடுத்துக்கொண்டு செய்வார்கள். வீட்டில் மூன்று வயதுக்காரிதான் இருக்கிறாள் என்றால், ஆறு வயது அக்காவோ அண்ணனோ கையைப் பிடித்து வரட்டும்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற ஒரு வழக்கம் இதற்குப் பெரிய உதவி. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். அந்த மூன்று ஞாயிறும் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டி வாருங்கள். ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபிறகு சபை ஐயரிடம் (போதகரிடம்) ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவளை நடுப்பாதையில் விடுங்கள். முதல் ஞாயிறு கூடை வேண்டாம், பூ வேண்டாம். ஓடட்டும். பெஞ்சுக்கு அடியில் புகுந்து வரட்டும். பலிபீடப் படியில் இருந்து திரும்பிப் பார்த்து, கதவு எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று சொல்லட்டும். இரண்டாம் ஞாயிறு கையில் ஏதாவது ஒரு பழைய கூடையைக் கொடுத்து, ஆச்சியை முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்து, "ஆச்சிகிட்ட போய்க் குடுத்துட்டு வா" என்று அனுப்புங்கள். மூன்றாம் ஞாயிறு வீட்டார் பத்துப் பேர் பெஞ்சுகளில் நின்றுகொண்டு அவள் வரும்போது திரும்பிப் பார்க்கட்டும். கூட்டம் எழுந்து திரும்புகிற அந்த நொடிதான் பிள்ளைகளை உறையவைக்கிறது. அதை ஒருமுறை சின்ன அளவில் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கல்யாணம் வெளியூர்க் கோயிலில் என்றால் முந்தின நாள் சாயங்காலமாவது அந்தக் கோயிலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எல்லாரும் மண்டப அலங்காரத்தில் நிற்கிற நேரம் அது, தெரியும். ஒருவர் மட்டும் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று. குருத்தோலை ஞாயிறு வருகிறது. அன்று சபைப் பிள்ளைகள் எல்லாரும் கையில் ஓலை பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடிப் பவனி வருவார்களே, அதில் உங்கள் பிள்ளையையும் விடுங்கள். கையில் ஒன்றை ஏந்தி, வரிசையாய், பாட்டுச் சத்தத்துக்கு நடுவே, ஜனங்கள் பார்க்க நடப்பதென்றால் என்ன என்று அவள் கால்களுக்குப் புரிந்துவிடும். அதுவும் தனியாக இல்லை, கூட்டத்தோடு. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். நற்கருணைப் பவனியில் வெள்ளை உடுத்திய சிறுமிகள் பூத்தூவிக்கொண்டே முன்னால் போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கல்யாணத்தில் கூடையைக் கொடுத்தால் பதறுவதில்லை. தனக்கு மூத்த பிள்ளைகள் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். கூடுமானால் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு கல்யாணத்துக்கு அவளைக் கூட்டிப்போய், நடுப்பாதை ஓரமாக உட்காரவைத்து முழுவதும் காட்டிவிடுங்கள்.

வீட்டில் என்ன செய்வது? விளையாட வேண்டும். ஒத்திகை என்ற பெயரில் பிள்ளையை நிற்கவைத்து, "நேரா நட, சிரி, மெதுவா, திரும்பவும்" என்று வாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நாலாம் நாள் அவள் கூடையைக் கண்டாலே ஓடுவாள். பிள்ளைகளின் ஒத்திகை விளையாட்டில்தான் நடக்கும். லெவ் வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1930-களில் இதைத்தான் வலியுறுத்தினார்: பாவனை விளையாட்டில் பிள்ளை தன் வயதுக்கு மிஞ்சிய கட்டுப்பாட்டோடு நடந்துகொள்கிறது. சாப்பாட்டு மேசையில் இரண்டு நிமிஷம் உட்காராத பிள்ளை, டீச்சர் விளையாட்டில் அரைமணி நேரம் பொம்மைகளுக்குப் பாடம் நடத்துவதை நாமே பார்க்கிறோம். ஆகவே கூடத்தில் கல்யாணம் நடத்துங்கள். கரடிப் பொம்மை மாப்பிள்ளை, பார்பி பெண். நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போடுங்கள். ஐயராக நீங்கள் நில்லுங்கள். ஒருநாள் அவள் ஃப்ளவர் கேர்ள், மறுநாள் அவளே கல்யாணப் பெண், தாத்தா ஃப்ளவர் கேர்ள். தாத்தா வேண்டுமென்றே பாதி வழியில் பயந்து நிற்கட்டும். "தாத்தா, பயப்படாதீங்க, நான் கையப் பிடிச்சுக்கிடுதேன்" என்று அவள் கூட்டிப்போவாள். நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை இப்படி அவளே கண்டுபிடித்துவிடுவாள். இதைவிட நல்ல ஒத்திகை எனக்குத் தெரியாது.

நாள் கணக்கு அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். 'அடுத்த வாரம்', 'பதினஞ்சாம் தேதி' என்பதெல்லாம் நாலு வயதுக்கு எட்டாது. காலண்டரில் ஒவ்வொரு நாளையும் அவளையே அடிக்கச் சொல்லி, "இன்னும் அஞ்சு தடவை தூங்கி எந்திரிச்சா கல்யாணம்" என்று காட்டினால் எட்டும்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பிள்ளைகள் கலங்குவதற்குக் கூட்டத்துக்கு அடுத்த காரணம் இதுதான். 2011 ஏப்ரல் 29-ஆம் தேதி லண்டனில் இளவரசர் வில்லியம், கேட் கல்யாணம் நடந்தது. பக்கிங்காம் அரண்மனை மாடத்தில் மணமக்கள் நிற்கிற அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மூலையில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை, தலையில் பூவளையத்தோடு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும். கீழே லட்சக்கணக்கான ஜனங்களின் ஆரவாரம். உலகம் முழுக்க அந்தப் படத்தை ரசித்தார்கள். எனக்கோ அந்தப் பிள்ளையின் மேல் மரியாதை வந்தது: சத்தம் அதிகம், அதனால் காதை மூடிக்கொண்டாள். அழவில்லை, ஓடவில்லை, தன்னைத் தானே காத்துக்கொள்ள அவளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. உங்கள் பிள்ளைக்கும் அந்த வழியைச் சொல்லிக்கொடுங்கள். "சத்தமா இருந்தா காதைப் பொத்திக்கிடலாம், யாரும் ஏச மாட்டாங்க." கூடையைத் தோளிலோ முழங்கையிலோ மாட்டிக்கொள்கிற மாதிரி கைப்பிடி இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

நம் கல்யாணங்களில் சத்தத்துக்குக் குறைவில்லை. பெண் வரும் காருக்கு முன்னால் பேண்டு செட், நாகர்கோவில் பக்கம் செண்டை மேளம், கோயில் வாசலில் சரவெடி, தலைக்கு மேலே ட்ரோன். பிள்ளையை அந்த ஊர்வலத்தில் கொண்டுவரவே வேண்டாம். அம்மாவோடு தனிக் காரில் முன்னாலேயே கோயிலுக்கு வந்து, உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடித்து, இடத்தைப் பழகிக்கொண்டு, பெண் இறங்குகிற நேரத்துக்கு வாசலுக்குப் போனால் போதும். கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் நுழைவுக்கு என்ன வாசிக்கப்போகிறார் என்று கேளுங்கள். நிறையக் கோயில்களில் வாக்னரின் அந்தக் கல்யாண மெட்டுதான். சில இடங்களில் ஒரு கீர்த்தனை. அதைச் செல்போனில் பதிவு செய்து தரச் சொல்லி, வீட்டு விளையாட்டுக் கல்யாணத்தில் அதையே போடுங்கள். அன்றைக்கு ஸ்பீக்கரில் அந்த மெட்டு எழும்பும்போது, 'இது என் பாட்டு' என்று அவள் நிமிர்ந்து பார்ப்பாள். சாயங்கால ரிசப்ஷனில் மேடையேறும்போது தீப்பொறி சீறுகிற பைரோ, புகை, பார்ட்டி பாப்பர் எல்லாம் வைக்கிறார்களே, அவற்றின் பக்கத்தில் பிள்ளையை நிறுத்துவது ஆபத்தும்கூட. அந்த நேரத்தில் அவளுக்குக் கூடையும் வேண்டாம், வேலையும் வேண்டாம்.

உடுப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடையில் தொங்கும்போது தேவதை மாதிரி இருக்கிற நெட் கவுன், உள்ளே கேன்-கேன் பாவாடையோடு மே மாத வெயிலில் பிள்ளையின் இடுப்பையும் அக்குளையும் அரித்து எடுத்துவிடும். உள்ளே பருத்தி லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கவுன் தரையில் புரள வேண்டாம், கணுக்கால் தெரியட்டும். புதுச் செருப்பை ஒரு வாரம் வீட்டில் போட்டு நடந்து பழகட்டும். அடிப்பாகம் வழுக்குகிறதா என்று பளிங்குத் தரையில் நீங்களே தேய்த்துப் பாருங்கள். தலைவளையம் அழுத்தினால் விட்டுவிடுங்கள், மல்லிகைச் சரம் போதும். பட்டுப் பாவாடை சட்டையில் அவள் சுகமாக இருப்பாள் என்றால் அதையே போடலாம், ஃப்ளவர் கேர்ள் என்றால் கவுன்தான் என்று எந்தச் சபைச் சட்டமும் இல்லை. உடுப்பைப் போட்டுக்கொண்டே ஒருநாள் அரைமணி நேரம் விளையாடவிட்டால் எங்கே குத்துகிறது என்று அவளே சொல்லிவிடுவாள். கழிப்பறைக்கு எப்படிக் கூட்டிப்போவது என்பதையும் அப்போதே யோசித்துவிடுங்கள்.

பூவிலும் ஒரு எச்சரிக்கை. ஈர ரோஜா இதழ் டைல்ஸ் தரையில் வழுக்கும். பின்னால் உயரக் குதிகால் செருப்பும் நீளச் சேலையுமாகக் கல்யாணப் பெண் வருகிறாள். தோவாளையிலிருந்து வந்த பூவானாலும் துணியில் பரப்பி ஈரத்தை உலர்த்திக் கூடையில் போடுங்கள். கோயிலுக்குள் பூத்தூவலாமா என்று முன்கூட்டியே ஐயரிடமோ பங்குச் சாமியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்றால் கூடை நிறையப் பூவோடு நடந்து வந்தாலே அழகுதான். அதுவும் ஒருவகையில் நல்லது. தூவுவது, நடப்பது என்று இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யும் கஷ்டம் சின்னவளுக்கு இல்லை. தூவுகிறாள் என்றால், "ஒரு பெஞ்சுக்கு ஒரு பிடி" என்று சொல்லிக்கொடுங்கள், வேகமும் தானாகக் குறையும்.

இன்னொரு சங்கடம் நம் கல்யாணங்களுக்கே உரியது. பெண் வீட்டுப் பிள்ளை ஒன்று, மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளை ஒன்று என்று சரிக்குச் சரியாக இரண்டு பேரைப் போடுவோம். இரண்டு குடும்பத்துக்கும் மனக்குறை இருக்கக் கூடாது என்பது நியாயமே. ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்ப்பார்கள். கையைக் கோத்துவிட்டு "ஃப்ரெண்ட்ஸ், போங்க" என்றால் எப்படிப் போவார்கள்? நிச்சயதார்த்தத்தன்றே அவர்களைச் சேர்த்து விளையாடவிடுங்கள். ஊர் தூரமென்றால் வீடியோ கால் இருக்கிறது. துபாயிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ வந்து இறங்குகிற பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ராத்திரி பகலாகவும் பகல் ராத்திரியாகவும் இருக்கும் அதற்கு. ஆச்சி சொந்தம்தான், ஆனால் திரையில் மட்டும் பார்த்த முகம். வந்து இரண்டாம் நாளே அதன் கையில் கூடையைத் திணிப்பதைவிட, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தி வந்து சேரும்படி டிக்கெட் போட முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் அம்மாவோ அப்பாவோ கூடவே நடந்து வரட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

கல்யாணத்தன்று காலையில் பெண்ணுக்கு நாலு மணிக்கு பார்லர் என்றால் பிள்ளையையும் நாலு மணிக்கு எழுப்ப வேண்டாம். வீட்டில் கடைசியாக அவளை எழுப்புங்கள். பழைய ஃப்ராக்கோடு உட்காரவைத்து இரண்டு இட்லி கொடுத்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில் கவுனைப் போடுங்கள். அவளைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வேறு வேலையே இருக்கக் கூடாது. அம்மா கல்யாணப் பெண்ணின் அக்காவாக இருந்தால் அவளால் முடியாது. ஆகவே பிள்ளைக்குப் பிடித்த ஒரு அத்தையோ பெரியம்மாவோ முதலிலேயே பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும்.

வாசலில் அனுப்பிவைக்க ஒரு தெரிந்த முகம், போய்ச் சேருகிற இடத்தில் ஒரு தெரிந்த முகம். இந்த இரண்டும் இருந்தால் நடுவில் உள்ள தூரத்தைப் பிள்ளை கடந்துவிடும். 'பலிபீடம் வரைக்கும் போ' என்பது அவளுக்கு ஓர் இடமே இல்லை. 'ஆச்சி வரைக்கும் போ' என்றால் அவளுக்குத் தெரியும். அந்த ஆச்சி முதல் பெஞ்சின் உள்ளே ஒடுங்கி உட்காராமல் நடுப்பாதை ஓரமாக, பிள்ளை கண்ணில் படும்படி, ஒத்திகையன்று உட்கார்ந்த அதே இடத்தில் இருக்க வேண்டும். போட்டோ எடுக்கிறவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: நடுப்பாதையில் மண்டியிட்டு ஆச்சியை மறைக்கக் கூடாது, விளக்கைப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக அடிக்கக் கூடாது, "பாப்பா, திரும்பப் போய் வா" என்று சொல்லவே கூடாது.

நின்றுவிட்டால்? அதற்கும் வழியை முன்கூட்டியே அவளிடம் சொல்லி வையுங்கள். "பாதியில பயமா இருந்துச்சுன்னா அங்கேயே நில்லு, சித்தி பின்னாலதான வாறா, உன் கையப் பிடிச்சுக்கிடுவா." கல்யாணப் பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பழைய ரோமாபுரிக் கல்யாண ஊர்வலத்தில் மூன்று பையன்கள் போவார்கள், தாயும் தகப்பனும் உயிரோடிருக்கிற பிள்ளைகளாய்ப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவன் பந்தம் பிடிப்பான்; மற்ற இருவரும் கல்யாணப் பெண்ணின் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். மணப்பெண்ணின் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளை அத்தனை பழைய காட்சி. நடுப்பாதையில் பெண் குனிந்து பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தால் கல்யாணம் எந்த விதத்திலும் குறைந்துவிடாது. ஓரமாக, பொறுப்பெடுத்த அத்தையும் நிற்கட்டும். பிள்ளை அழத் தொடங்கினால் இரண்டே எட்டில் வந்து தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும். சமாதானம் பேசுவது, கெஞ்சுவது, திருப்பி அனுப்பிப் பார்ப்பது எதுவும் அந்த இடத்தில் வேண்டாம்.

சில வார்த்தைகளைச் சொல்லாதிருங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். "அழுதா ஐயர் அடிப்பாரு." "போகாட்டி போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன்." "அந்தப் பாப்பா எவ்ளோ நல்லா போறா, நீ ஏன் இப்படி?" பயந்த பிள்ளைக்கு மேலும் ஒரு பயத்தைச் சேர்ப்பதால் கால் நகராது. ஐயரைச் சொல்லி மிரட்டினால் அவர் நிற்கிற திசைக்கே அவள் எப்படி நடப்பாள்? சாக்லேட் பெட்டியைக் காட்டி இழுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. "சித்தி கல்யாணத்துக்கு நீ உதவி செய்யப்போற, சித்திக்கு நீ முன்னால போனா தைரியமா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு உதவி செய்யப் பிடிக்கும், அதிலும் பெரியவர்களுக்கு உதவி என்றால் ஒரு பெருமிதம் உண்டு.

மனதில் நெடுநாளாக உறுத்துகிற ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கோயில் நடுவில் பிள்ளை அழுகிறது. அம்மா ஓடிவருகிறாள். அதற்குள் இருபது செல்போன்கள் அந்த முகத்தை நோக்கித் திரும்பிவிடும். அன்று ராத்திரியே அது ரீல்ஸாக, பின்னணியில் சிரிப்புச் சத்தத்தோடு, சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். ஒரு குழந்தை வாழ்க்கையிலேயே மிகவும் பயந்த நேரம் அது. அதை எடுத்து, பார்த்துச் சிரித்து, அவளுக்கே போட்டுக் காட்டி, "நீ எப்படி அழுத பாரு" என்று கேட்பது கொடுமை. நீங்கள் எடுத்திருந்தால் அழித்துவிடுங்கள். வேறு யாராவது அனுப்பினால், பிள்ளையின் தகப்பனாரே, "இத அழிச்சிருங்க" என்று அந்தக் குழுவிலேயே எழுதுங்கள். கல்யாண வீட்டில் மனஸ்தாபம் வந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். பிள்ளை பக்கம் பேச வேறு ஆள் இல்லை.

கல்யாணப் பெண்களே, மாப்பிள்ளைகளே, உங்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் நாள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்தப் பிள்ளையோடு அரைமணி நேரம் இருங்கள். உங்கள் வெள்ளைச் சேலையையும் முகவலையையும் அவளுக்குக் காட்டுங்கள், அவள் தலையிலும் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு அந்த வலைக்குப் பின்னால் இருப்பது நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் எப்படி நடந்தாலும் பரவாயில்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் அவள் வேலை முடிந்தது. ஆராதனை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். கத்தோலிக்கத் திருப்பலி என்றால் இன்னும் நேரமாகும். பிரசங்கம், வாக்குறுதி, தாலி கட்டு, மோதிரம், கையெழுத்து எல்லாம் முடியும் வரை அவளை முன்னால் நிற்கவைக்க வேண்டாம். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைய ஒரு சின்ன நோட்டும் கலர் பென்சிலும் கைப்பையில் இருக்கட்டும். தூங்கிவிட்டால் தூங்கட்டும். வெளியே வருகிற பவனியில் அவள் இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. மண்டபத்துக்கு வந்ததும் கவுனைக் கழற்றி, கொண்டுவந்த பருத்தி ஃப்ராக்கை மாட்டி, மற்றப் பிள்ளைகளோடு ஓடவிடுங்கள். மேடையில் குடும்பப் போட்டோ எடுக்கும்போது கூப்பிட்டால் அந்த ஃப்ராக்கோடேயே வந்து நிற்கட்டும்.

உங்கள் எல்லார் வீட்டுக் கல்யாணமும் நன்றாக நடக்க ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன். பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிவரும்போது என்னிடமும் காட்டுங்கள். பெஞ்சுகள் காலியான பிறகு அவளோடு ஒரு நடை நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை,
பாளையங்கோட்டை